மாமியார் வாசலில் ஊன்றிய கால்

“பச்சையா? என் பாதைக்குப் பச்சையா? குழந்தையைக் கூடையில உக்கார வச்சுக்கிட்டுப் பாட்டுப் பாடிட்டுப் போற பாதையா அது?”

“கத்தாதே. வந்தவங்க தலையில சாயம் போட்டிருக்கேன். நீ கத்துற கத்துல அது காதுவரைக்கும் இறங்குது.”

“இறங்கட்டும்! சங்கக் கூட்டத்துல பல் டாக்டர் ‘பச்சை’ன்னு சொன்னதும் முதல் வரிசையில உக்காந்து சிரிச்சது நீங்கதானே அண்ணி?”

“சிரிச்சேன். வாயும் என்னுது, பல்லும் என்னுது. யார்கிட்ட அனுமதி வாங்கணும்?”

அழகு நிலையத்தின் கண்ணாடிக் கதவு அகலத் திறந்திருந்தது. திறந்துவைத்தது யார் என்று கேட்கக் கூடாது. தெருவுக்குக் காது கேட்க வேண்டாமா? நாற்காலியில் பாதித் தலை கறுப்பும் பாதித் தலை நரையுமாக உட்கார்ந்திருந்த தையற்காரம்மா, எழுந்து போகவும் மனமில்லாமல், உட்கார்ந்திருக்கவும் பயந்து, கண்ணாடியில் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டென்னிஸ் ஆட்டம்கூட அவ்வளவு விறுவிறுப்பாக இருக்காது.

கத்தியவள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். தெரு முழுக்க அவளுக்குக் கிரேன்காரி என்றுதான் பெயர். வைத்த பெயரை வீட்டாரே மறந்துவிட்டார்கள். சாயக் கிண்ணத்தோடு நின்றவள் அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா. அழகு நிலையத்துக்கு முதலாளியும் அவள்தான், தொழிலாளியும் அவள்தான். வந்த வரன்களையெல்லாம் முடியோடு சேர்த்து நறுக்கிக் குப்பையில் போட்டவள் என்று பெயர் எடுத்தவள். இவர்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் ரொட்டிக்கடைக்காரர். ஒருத்திக்குப் புருஷன், மற்றவளுக்குத் தம்பி. மத்தளத்துக்காவது இரண்டு பக்கம்தான் இடி. இவருக்கு மேலேயும் கீழேயும் சேர்த்து விழும்.

இந்தப் பச்சை விவகாரம் இதுதான். ஊருக்குப் பின்னால் குன்றுகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தபடி கடல்வரைக்கும் இறங்குகின்றன. மேலே ஆடு மேயும் புல்வெளி, நடுவில் கல்மதில்கள், கீழே முள்புதர், அதற்கும் கீழே கூழாங்கல் கரை. அந்த வழியாக மலைச் சைக்கிளில் போகிறவர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. பாதை போடுகிறவர்கள் போடலாம். நிறம் கொடுப்பது சங்கம். பச்சை என்றால் குடும்பத்தோடு போகலாம். நீலம் என்றால் கொஞ்சம் கவனம். சிவப்பு என்றால் அனுபவம் வேண்டும். கறுப்பு என்றால் எலும்பு பத்திரம். சுற்றுவட்டாரத்தில் கறுப்புப் பாதை ஒன்றுகூடக் கிடையாது. கிரேன்காரி போட்டதுதான் முதல் கறுப்பாக இருக்கப்போகிறது என்று அவள் மட்டுமல்ல, ஊரே நம்பியிருந்தது.

அவள் அந்தப் பாதையைக் கண்டுபிடித்ததே கிரேனின் உச்சியில் உட்கார்ந்துதான். கப்பல் வரத் தாமதமாகும் நேரங்களில் மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். இவள் குன்றைப் பார்ப்பாள். மதிலின் இடிந்த இடுக்கு வழியாக நுழைந்து, பாறைச் சரிவில் வழுக்கி, புதருக்குள் மறைந்து, கடலுக்கு நேரே வெளிவரும் ஒரு கோடு அவளுக்கு மட்டும் தெரிந்தது. கிரேன் கூண்டின் கண்ணாடியில் விரலால் வரைந்து வரைந்து அங்கே ஒரு தேய்மானமே விழுந்துவிட்டதாகச் சொல்வார்கள். பிறகு மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு விடுமுறை நாளெல்லாம் குன்றுக்குப் போனாள். கணவன் ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, “இன்னும் எவ்வளவு நாளும்மா?” என்று கேட்டுவிட்டு வருவார். பதில் வராது. மண்தான் வரும், மேலே.

“பச்சை கிடைச்சதுக்கு என்கிட்ட வந்து ஆடுறியே,” என்றாள் நாத்தனார், தூரிகையை நீட்டி. “பாதைக்குப் பேர்ப்பலகை எழுதக் கொடுத்தப்போ என் பேரு ஞாபகம் வந்துச்சா? கடைசி வளைவை யாரு கட்டினது?”

“கல் எடுத்துக் கொடுத்தீங்க. இல்லைன்னு சொல்லலை. செங்கல் சுமந்தவங்க எல்லாம் வீட்டுக்காரங்களா?”

“எடுத்துக் கொடுத்தேனா! நீ மணிக்கட்டைச் சுளுக்கிக்கிட்டு வீட்ல கட்டுப் போட்டுக் கிடந்தப்போ, சாயக் கையுறையோட தினமும் போய் ஒவ்வொரு கல்லா அடுக்கினவ நான். இந்தக் கையைப் பாரு!”

“இந்தக் கையில எப்பவும் சாயம்தான் அண்ணி தெரியுது.”

தையற்காரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். தூரிகையிலிருந்து சாயம் அவள் மடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

“அதுக்கும் மேல, அந்தப் பாறைக்கு மாமியார் வாசல்னு பேரு வச்சிருக்கே. எங்கம்மாவைத்தானே சொல்றே?”

“பொதுவாச் சொன்னேன். தலையைக் குனியாம நுழைய முடியாது. நுழைஞ்சப்புறம் காலை எங்க வைக்கிறதுன்னு தெரியாது. வேற என்ன பேரு வைக்கிறது?”

சொல்லிவிட்டுக் கதவு அதிரப் போய்விட்டாள். நியாயத்தையும் பேச வேண்டும் இல்லையா? கடைசி வளைவு நாத்தனார் கட்டியது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். முள்புதர் இருட்டுக்குள்ளிருந்து சைக்கிள் வெளியே வந்ததும் சட்டென்று கடல் முழுவதும் கண்ணில் விழும் இடம் அது. கல்வரிசை ஒரு பக்கம் உயர்ந்து, ஓட்டுகிறவரை உள்ளங்கையில் ஏந்துவதுபோல் திருப்பிவிடும். பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் புகழ்வது அதைத்தான். புகழும்போது கிரேன்காரி “ம்” என்பாள். அந்த ஒரு எழுத்துக்குள் நாத்தனாரை மூட்டை கட்டிப் போட்டுவிடுவாள்.

வீட்டுக்கு வந்தால் கணவன் முகம் அவித்து எடுத்த மாவுபோல இருந்தது.

“என்னங்க?”

“உக்காரு.”

“உக்காந்தா சொல்ல மாட்டீங்க. நிக்கிறேன், சொல்லுங்க.”

“பச்சைன்னா வெறும் பேரு மட்டும் இல்லையாம்மா. பச்சைப் பாதையை எல்லாம் நகராட்சி மட்டப்படுத்துமாம். குழந்தைங்க போற பாதையாச்சே. பாறையைப் பேத்து எடுத்து, சரளை கொட்டி, ஓரமா கைப்பிடிக் கம்பி போடுவாங்களாம். ரோடு ரோலர் குன்றடியில வந்து நிக்குது. திங்கட்கிழமை வேலை ஆரம்பம்.”

கிரேன்காரி நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். அங்கே நாற்காலி இல்லை. மாவு மூட்டைதான் இருந்தது.

“மாமியார் வாசலுக்குக் கைப்பிடியா?” என்றாள் மெல்ல. அவள் மெல்லப் பேசினால்தான் கணவனுக்குப் பயம் வரும்.

மறுநாள் காலை பல் டாக்டரின் நாற்காலியில் அவள் போய்ச் சாய்ந்தாள். பல்லில் ஒன்றுமில்லை. வேறு எங்கே உட்கார்ந்தாலும் அவர் நழுவிவிடுவார் என்று தெரியும். டாக்டர்தான் சங்கத்தின் தலைவர். நல்ல மனிதர், தனி ஆள், சட்டம் என்றால் உயிர். தன் சைக்கிளின் ஆரக்கால்களைப் பல் துலக்கும் தூரிகையால் சுத்தம் செய்கிறவர். பழைய தூரிகைதான், புதியதில்லை. இதையும் அவரே சொல்லுவார்.

“சங்க வழக்கம் உங்களுக்குத் தெரியாததா?” என்றார் அவர், பழக்க தோஷத்தில் கண்ணாடியை அவள் வாயருகே கொண்டுவந்து. “பாதையைப் போட்டவங்க முன்னாடி ஓட்டணும். நாங்க பார்ப்போம். போட்டவங்களே கால் ஊன்றினா அது கஷ்டமான பாதை. எத்தனை ஊன்றல்னு பார்த்து நிறம். தன் பாதையைத் தன்னைவிட நல்லா யாருக்குத் தெரியும்? அதான் அந்த வழக்கம். நீங்க ஒரு இடத்துலகூடக் காலை ஊனலையே!”

“ஏன்னா எனக்கு ஓட்டத் தெரியும்!”

“நானும்தான் பின்னாடியே வந்தேன். வெண்ணெயில கத்தி போன மாதிரி இருந்துச்சு.”

“என் சக்கரம் போன தடத்துலயே வந்தீங்க டாக்டர். நான் போகாம தனியா ஒரு தடவை போய்ப் பாருங்க.”

“எனக்கு அந்த அதிகாரம் இல்லை. போட்டவங்கதான் ஓட்டணும்.” பிறகு கொஞ்சம் இரங்கினார். “மறுபரிசோதனை கேக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வாங்க. எதுக்கும், பின்கடைவாய்ப் பல்லு ஒண்ணு கொஞ்சம் பார்க்கணும்.”

ஆக, பாதை பிழைக்க வேண்டுமென்றால் பாதையைப் போட்டவள் தன் பாதையிலேயே தடுமாற வேண்டும். திறமைக்குத் தண்டனை கொடுக்கிற இப்படியொரு வழக்கத்தை நம் ஊர் சங்கத்தைத் தவிர வேறு யாராலும் யோசித்திருக்க முடியாது.

“இதுல என்னம்மா இருக்கு?” என்றார் கணவன். “ஒரே ஒரு இடத்துல காலை வையேன். போதாதா? ரெண்டு மூணு இடத்துல வை. மாமியார் வாசல்ல அப்படியே புதர்ல சாஞ்சுடு. தலையணை மாதிரி ஏதாவது போட்டு வைக்கிறேன்.”

“என் பாதையில என் கால் தரையில பட்டதே இல்லைங்க.”

“ரோடு ரோலர் படப்போகுதே.”

சனிக்கிழமை முழுவதும் ரொட்டிக்கடைக்குப் பின்னாலிருந்த சந்தில் கால் ஊன்றிப் பழகினாள். ஓட்டுவாள், நிறுத்துவாள், வலது காலைத் தரையில் வைப்பாள். நன்றாகவே வந்தது. எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்தவர்கள், சைக்கிள் ஓட்டத் தெரிந்தவள் ஓட்டத் தெரியாமல் இருக்கக் கற்றுக்கொள்வதை முதல்முறையாகப் பார்ப்பதாகச் சொன்னார்கள். ஒருவர் ஆலோசனைகூடக் கொடுத்தார். அவர் நடக்கும்போதே விழுகிறவர், அனுபவஸ்தர்.

ஞாயிற்றுக்கிழமை ஊரில் பாதி மாமியார் வாசலில் நின்றது, மீதி கடைசி வளைவில் நின்றது. தையற்காரம்மா இரண்டு நிறத் தலையைத் துணியால் மூடிக்கொண்டு வந்திருந்தாள். சண்டைக்குப் பிறகு மறுபாதியைக் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. நாத்தனார் தன் சைக்கிளோடு வந்து ஒதுங்கி நின்றாள். தினமும் கடலோரச் சமதரையில் ஓட்டுகிறவள். காற்று வாங்க வந்தேன் என்றாள். குன்றடியில் ரோடு ரோலர் மஞ்சள் நிறத்தில், சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் விருந்தாளிபோல நின்றது.

கிரேன்காரி மேலிருந்து கிளம்பினாள். வலது காலுக்குச் சொல்லிவைத்திருந்தாள்: வாசலில் இறங்கு, தெரிந்ததா?

புல்வெளி முடிந்து மதிலின் இடுக்கு வந்தது. கைப்பிடி இரண்டு பக்கமும் கல்லில் உரசாமல் நூல் கோத்ததுபோல் நுழைந்தாள். பாறைச் சரிவில் உடம்பைப் பின்னால் தள்ளி, இருக்கை வயிற்றில் படும்படி தாழ்ந்தாள். சக்கரம் வழுக்கவில்லை, எங்கே வழுக்கும் என்று அவளுக்குத் தெரியும், அவள் வெட்டிய சரிவு. காற்றில் உப்பு வாசனை வந்தது. இதோ வாசல். குறுக்கே சாய்ந்த கிளை, அடியில் இடுப்பளவு பாறைப்படி. இப்போது, இப்போது கால்...

தலை குனிந்தது. முன்சக்கரம் எழுந்தது. சைக்கிள் படியிலிருந்து பறந்து, பூனை இறங்குவதுபோல் இறங்கியது. வலது கால் மிதிகட்டையைவிட்டு அசையவே இல்லை. அவள் கடைசி வளைவில் சாய்ந்து, கடலைப் பார்த்துக்கொண்டே வந்து நின்றாள்.

ஊர் கைதட்டியது. தட்டிய பிறகுதான் தட்டியிருக்கக் கூடாது என்று ஞாபகம் வந்து கையை மறைத்துக்கொண்டது.

“சுத்தம்,” என்றார் டாக்டர். அவர் முகத்திலேயே வருத்தம். “பச்சைதான்.”

“இன்னொரு தடவை போறேன்.”

“போங்க. பரிசோதனை முடியறவரைக்கும் எத்தனை தடவை வேணும்னாலும் போகலாம்.”

இரண்டாவது தடவை இன்னும் அழகாக வந்தாள். கோபத்தில் வேகம் கூடி, படியிலிருந்து பறந்த தூரமும் கூடிவிட்டது. நின்றதும் கணவன் ஓடிவந்தார்.

“ஏம்மா, விழத் தெரியாதா உனக்கு?”

“வரலையே! நான் என்ன பண்ண! சொன்னா கேக்க மாட்டேங்குது இந்தக் கால்!”

“சந்துல கேட்டுச்சே!”

“சந்து என் பாதை இல்லையே!”

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. அவள் அழுது தெரு பார்த்ததில்லை. ரோடு ரோலர் ஓட்டுகிறவர்கூடத் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

அப்போதுதான் நாத்தனார் தொண்டையைச் செருமினாள்.

“டாக்டர், ஒரு சந்தேகம். பாதையைப் போட்டவங்கதானே ஓட்டணும்? ரெண்டு பேரு சேர்ந்து போட்டிருந்தா?”

டாக்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். “ரெண்டு பேர்ல யார் வேணும்னாலும் ஓட்டலாம். ஆனா, முதல்ல பேர் கொடுத்தவங்க எல்லார் முன்னாடியும் அதை ஒத்துக்கணும்.”

ஊர் முழுவதும் கிரேன்காரி பக்கம் திரும்பியது. அவள் ரோலரைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள். எதைப் பார்க்கச் சுலபமாக இருந்தது என்று கேட்டால், ரோலர்தான் என்று சொல்லியிருப்பாள். காலை ஊன்றுவது எவ்வளவோ தேவலை.

“கடைசி வளைவு அண்ணி கட்டினது,” என்றாள் தன் காலணிக்கு.

“கேக்கலை,” என்றாள் நாத்தனார். விடுவாளா? எத்தனை மாதத்து “ம்” அது!

கிரேன்காரி நிமிர்ந்தாள். கிரேன் கூண்டிலிருந்து கப்பல் தளத்துக்குக் கத்துகிற குரல் வெளியே வந்தது. “கடைசி வளைவு எங்க அண்ணி கட்டினது! ஒவ்வொரு கல்லும் அவங்க வச்சது! இந்தப் பாதையிலேயே அழகான இடம் அதுதான்!”

கடைசி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. அது தானாக வந்தது. நாத்தனார் சட்டென்று குனிந்து சைக்கிள் சங்கிலியைச் சரிபார்த்தாள். சங்கிலி சரியாகத்தான் இருந்தது.

இருவரும் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறினார்கள். உச்சியில் கிரேன்காரி கிசுகிசுத்தாள்: “அண்ணி, புதர் பக்கமா விழுங்க. கல் பக்கம் வேண்டாம். மெதுவா வந்தா அடிபடாது.”

“விழறதா?” நாத்தனார் தலைக்கவசத்தின் வாரை இறுக்கினாள். “யாரு விழ வந்தா? உன்னால முடியும்னா என்னால முடியாதா? இப்ப இது என் பாதையும்தானே!”

“அண்ணி! விழணும் அண்ணி! அதுக்குத்தானே...”

போய்விட்டாள்.

கிரேன்காரி சைக்கிளைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். இந்தக் குடும்பத்துப் பிடிவாதம் அவளுக்குத் தெரியும். பிடிவாதத்தாலேயே இவள் விழாமல் இறங்கிவிட்டால்? ஆனால் அவள் தன் பாதையைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டாள். மதில் இடுக்கில் நாத்தனாரின் கைப்பிடி கல்லில் இடித்தது. ஒரு கால் ஊன்றல். பாறைச் சரிவில் உடம்பு முன்னால் போக, சக்கரம் பின்னால் நிற்க, மறுகாலும் ஊன்றியது. “இன்னும் இருக்கு!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மிதித்தாள். மாமியார் வாசலில் தலையை ஒழுங்காகக் குனிந்தாள். காலை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. சைக்கிள் புதருக்குப் போனது. அவள், பார்த்து எழுதிக்கொள்ள அருகில் நின்ற டாக்டர் மேல் போனாள். இரண்டு பேரும் சேர்ந்து சரிவில் உருண்டு ஒரு புல்மேட்டில் நின்றார்கள்.

ஊர் சரிவின் ஓரத்துக்கு ஓடியது.

“கறுப்பு,” என்றது அடியிலிருந்து டாக்டரின் குரல்.

அத்தோடு முடிந்தது என்று கூட்டம் ஆரவாரம் செய்தது. நாத்தனாருக்கு அது இன்னும் முடியவில்லை. முட்டியில் ரத்தம் கசிய, முடியில் முள்ளோடு எழுந்து, புதருக்குள்ளிருந்து சைக்கிளை இழுத்து எடுத்தாள். “இன்னும் என் வளைவு பாக்கி இருக்கு,” என்றாள். ஏறி மிதித்தாள். இருட்டுப் புதருக்குள் நுழைந்தாள். வெளியே வந்தபோது கடல் முழுவதும் அவள் முன்னால் விரிந்தது. கல்வரிசை உயர்ந்து அவளை ஏந்தியது. அவள் சாய்ந்தாள், சுற்றினாள், கூழாங்கல் கரைவரை வந்தாள். தான் கட்டிய வளைவில் அவள் கால் தரையில் படவில்லை.

வாசலுக்கு வந்து சேர்ந்து மேலிருந்து பார்த்த கிரேன்காரி, உள்ளங்கை சிவக்கக் கைதட்டினாள். பக்கத்தில் நின்ற ஆளைத் தோளைப் பிடித்து உலுக்கினாள். “பார்த்தீங்களா? எங்க அண்ணி! வளைவைப் பார்த்தீங்களா, எப்படி எடுத்தாங்க பார்த்தீங்களா?” பிறகு, மூச்சு வாங்கி, இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டாள். “மீதி இடத்துல என் பாதை அவங்களை என்ன பாடு படுத்துச்சு, அதையும் பார்த்தீங்கல்ல?”

ரோலர் வந்த வழியே திரும்பிப் போனது. கறுப்புப் பலகை வந்தது. இரண்டு பெயரில் எது முதலில் என்று மறுபடியும் அழகு நிலையத்தின் கதவு அகலத் திறந்தது. கடைசியில் ரொட்டிக்கடைக்காரர்தான் வழி சொன்னார்: பலகைக்கு இரண்டு பக்கம் உண்டு. ஏறும்போது ஒருத்தி முதலில், இறங்கும்போது மற்றவள் முதலில். வெளியூர்களிலிருந்து சைக்கிளோடு வருகிறவர்கள் அந்தப் பலகையருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மாமியார் வாசலில் விழுந்து எழுந்தவர்கள், விழுந்த கதையை வீட்டில் பெருமையாகச் சொல்கிறார்களாம். முதலில் விழுந்தவள் நான்தான் என்று நாத்தனாரும், விழவே தெரியாதவள் நான்தான் என்று கிரேன்காரியும் சொல்லிக்கொள்கிறார்கள். இரண்டும் உண்மை.

டாக்டருக்கு முழங்கையில் சிராய்ப்பு ஆற வெகுநாள் பிடித்தது. ஒரு சிராய்ப்புக்கு அத்தனை தடவை அழகு நிலையத்துக்கு எதற்குப் போனார், தலையில் இருந்ததே நாலு முடி, அதை எத்தனை முறை வெட்டுவது என்று தெரு கேட்டது. பதில் கல்யாணத்தில் கிடைத்தது. நறுக்குகிறவள் இந்த வரனை நறுக்கவில்லை. மணமகன் மேல் விழுந்து மணமகளானவள் என்று கிரேன்காரி எல்லோர் முன்னாலும் சொன்னாள். நாத்தனார் கோபித்துக்கொள்ளவில்லை.

இப்போது அவர்கள் குன்றுகளுக்கு அந்தப் பக்கம் உள்ள ஊருக்குக் குடிபோய்விட்டார்கள். டாக்டர் அங்கே பல் பார்க்கிறார். அழகு நிலையத்தை எடுத்து நடத்துவது தையற்காரம்மா. முதல் வேலையாகத் தன் தலையின் மறுபாதிக்குச் சாயம் போட்டுக்கொண்டாள். நாத்தனார் புது ஊரில் மண்வெட்டியோடு ஒரு குன்றில் ஏறிக்கொண்டிருப்பதாகவும், விடுமுறை நாட்களில் கிரேன்காரி சைக்கிளில் போய்க் கல் எடுத்துக் கொடுப்பதாகவும் கேள்வி.